பாக்கி என்று முடிந்த பக்கம்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, அறக்கட்டளைச் செயலாளர் பாலுசாமி அவர்களே, கோட்டைமேட்டிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, தாராபுரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த காஜியார் வீட்டு உறவுகளே, உங்கள் எல்லோருக்கும் பழனியாத்தாளின் வணக்கம்.

பேசுகிறவர்கள் வரிசையில் என்னைக் கடைசியில் போட்டிருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் படித்தவர்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அதனால் கடைசி என்று வைத்தார்களோ என்னவோ. ஆனால் நம் டீச்சர் படித்த அரபு, பார்சிப் புத்தகங்கள் எங்கே ஆரம்பிக்கும்? நாம் கடைசிப் பக்கம் என்று நினைக்கிற இடத்தில்தான் ஆரம்பிக்கும்! அந்தக் கணக்குப்படி இந்தக் கூட்டத்தை இப்போது நான்தான் ஆரம்பித்து வைக்கிறேன்.

சுவடிச் செல்வி சாஜிதா பேகம் போய்விட்டார். உருது டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஒப்பணக்காரத் தெரு மாடியில், மின்விசிறி போட்டால் ஏடு பறக்கும் என்று வேர்க்க வேர்க்க உட்கார்ந்து, கேட்பாரற்றுக் கிடந்த அரபு, பார்சிக் கையெழுத்து ஏடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்து, இது இன்ன நூல், இன்னார் எழுதியது, இத்தனை ஏடு, இங்கே பூச்சி அரித்திருக்கிறது என்று அட்டவணை போட்ட சாஜிதா பேகம் போய்விட்டார். கும்பெனிக்காரன் காலத்து இங்கிலீஷ் கட்டுகளை ஜெரோம் சார் பார்த்தார். கிழிந்ததை ஒட்டுவதும் பிரிந்ததைத் தைப்பதும் என் வேலை. அந்த அறையில் நாங்கள் மூன்று பேர். இப்போது இரண்டு பேர்.

டீச்சர் யாரையும் படம் எடுக்க விட்டதில்லை. அதனால் மேடையில் படம் இல்லை. படத்துக்குப் பதிலாக, அவர் உழைப்பில் வந்த அட்டவணையின் முதல் தொகுதியை நாற்காலியில் வைத்து ரோசாமாலை போட்டிருக்கிறார்கள். நல்ல யோசனை! யாருடைய யோசனையோ, நன்றாக இருக்கட்டும். ஆனால் அய்யா, அந்த மாலையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு அட்டையைப் பாருங்கள். யார் பெயர் இருக்கிறது? செயலாளர் பாலுசாமி பெயர் இருக்கிறது. டீச்சர் பெயர் எங்கே இருக்கிறது? உள்ளே, அச்சகத்தின் விலாசத்துக்குக் கீழே, எறும்பு ஊர்கிற மாதிரி, ‘உதவி: எஸ். பேகம்’ என்று இருக்கிறது.

உதவியா? அரபு எழுத்தில் அலிபுக்கும் பேக்கும் வித்தியாசம் தெரியாதவர் ஆசிரியர், ஆயுசையே கொட்டியவர் உதவியா? செத்த வீட்டில் இதையெல்லாம் பேசலாமா என்று முன்வரிசையில் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. வேறே எங்கே பேசுவது? புத்தகம் வெளியிட்ட அன்றைக்கு எனக்கு மைக் கொடுத்தீர்களா? நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

டீச்சர் அப்படியல்ல. அன்றைக்கு நான் கொதித்துப்போய், “இந்தாளு மூஞ்சில பசையை ஊத்திப்போட்டு வாரேன்” என்று கிளம்பினேன். டீச்சர் என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“உக்காருங்கக்கா. பூச்சி அரிக்காம துத்தம் போட்டுக் காய்ச்சின பசை. அந்த மூஞ்சியில வீணாக்கலாமா?”

அதுதான் டீச்சர்! சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் வேர் மாதிரி ஆழத்தில் இறங்கும்.

நான் அங்கே வேலைக்குப் போன கதையைச் சொல்கிறேன். மில்லை மூடிவிட்டார்கள். நூல் சுற்றும் ரீலிங்கில் நின்ற கை சும்மா இருக்குமா? ஏடு தைக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். போன உடனே பயந்துவிட்டேன். “எனக்குப் பார்சி பாசையெல்லாம் தெரியாதுங்க டீச்சர்” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“கிஸ்தி கட்டுவீங்களா?”

“ஊட்டுக்காரர் இருந்தப்ப கட்டுனமுங்க.”

“ரசீது வாங்குவீங்களா? தாசில்தார் வந்தாரா? ஜமாபந்தி நடந்துச்சா? ஜப்தி பண்ணிப்போடுவான்னு பயந்தீங்களா?”

“ஆமாங்க. அதுக்கென்னங்க?”

“பொறந்ததுல இருந்து பார்சிதான் பேசிட்டிருக்கீங்க. தெரியாதுன்னு பொய் சொல்றீங்களே!”

இப்படி ஒரு டீச்சர் எனக்கு மூன்றாம் வகுப்பில் கிடைத்திருந்தால் நான் நான்காம் வகுப்புக்குப் போயிருப்பேன்.

இப்போது அந்த நம்பர் சமாச்சாரத்தைச் சொல்லாமல் விட்டால் என் நெஞ்சு வேகாது. தாராபுரம் காஜியார் வீட்டிலிருந்து வந்த பெட்டியில் எல்லா ஏட்டுக்கும் வரிசை எண் போட வேண்டும் என்று, செயலாளர் நம்பர் குத்துகிற மிசினோடு ஆபீஸ் பையன் தம்பிதுரையை அனுப்பினார். தம்பிதுரை, தலையைக் குனியாதே கண்ணு, உன் மேல் எனக்குக் கோபமில்லை. சுத்தமான வேலைக்காரன். ஒரு நம்பர் கோணவில்லை, ஒரு நம்பர் தப்பவில்லை. ஆனால் தமிழ்ப் புத்தகம் பிரிக்கிற மாதிரி இடப்பக்கத்திலிருந்து பிரித்து, ஊதா மையில், பெட்டி முழுவதும் தலைகீழாகக் குத்திப்போட்டான். டீச்சர் அன்றைக்குத் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் பொள்ளாச்சி போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து, பணம் கொடுக்கிற குழுவிலிருந்து மெட்ராஸ்காரர் ஒருவர் சோதிக்க வந்தார். வேலை சரியில்லை என்று அவர் எழுதினால் அறையைப் பூட்ட வேண்டியதுதான். வந்தவர் டீச்சர் எழுதியதையும் ஏட்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“முதல் பக்கத்தில் பிஸ்மில்லா என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றாம் எண்ணில் அது இல்லையே. கடைசி எண்ணில் அல்லவா இருக்கிறது? எல்லாமே தப்பாக இருக்கிறதே அம்மா!”

செயலாளர் என்ன செய்தார்? நம்பர் குத்தச் சொன்னது நான்தான் என்று சொன்னாரா? சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். டீச்சர்தான் எழுந்தார்.

“பொடக்காளி வழியா உள்ள வந்துபோட்டு, வாசலக் காணோம்ங்கறீங்களேங்க!”

ஜெரோம் சாருக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. பொடக்காளி என்றால் கொல்லைப்புறம் என்பது மெட்ராஸ்காரருக்கு விளங்கவில்லை. டீச்சர் ஏட்டைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். அந்தக் காலத்து எழுத்தர்கள் நம்பர் போட மாட்டார்கள். ஏட்டின் அடியில், வரி முடிந்த பிறகு, இடது கோடியில் ஒரே ஒரு சொல்லைச் சாய்வாக எழுதி வைப்பார்கள். அடுத்த ஏடு எந்தச் சொல்லில் தொடங்குமோ அந்தச் சொல். நாம் அந்தாதி பாடுவதில்லையா, முடிந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்த பாட்டில் ஏறுவதில்லையா, அந்த மாதிரி. பார்சியில் அதற்குக் குதிரை அங்கவடியின் பெயராம். அதில் கால் வைத்துத்தான் அடுத்த ஏட்டில் ஏற வேண்டுமாம்! டீச்சர் அடிச்சொல்லைக் காட்டினார், அடுத்த ஏட்டின் தலைச்சொல்லைக் காட்டினார். காட்டிக்கொண்டே போனார். மெட்ராஸ்காரர் கடைசியில் நாற்காலியை டீச்சர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, “இன்னொன்று காட்டுங்கம்மா” என்று கேட்டார். அறை பிழைத்தது!

அவர் போன பிறகு, அந்த ஊதா மையைச் சுரண்டிவிடலாமா என்று கேட்டேன். டீச்சர் விடவில்லை.

“தப்பு இருந்துட்டுப் போகட்டும்க்கா. இந்த ஏட்டுக்கு இதுவும் நடந்துச்சுன்னு பின்னால வரப்போறவிங்களுக்குத் தெரியட்டும். பக்கத்துல பென்சில்ல சரியானதை எழுதிப்போடலாம்.”

செயலாளர் அவர்களே, இப்போது விளங்குகிறதா, நான் எதற்கு இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன் என்று? அட்டையில் இருக்கும் உங்கள் பெயரைச் சுரண்டச் சொல்லவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்! அதற்குப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டப் போகிறேன். ‘அட்டவணை செய்தவர் சுவடிச் செல்வி சாஜிதா பேகம்’ என்று ஜெரோம் சார் அச்சடித்து வைத்திருக்கிறார். விற்காமல் கிடக்கும் பிரதிகள் மாடியில்தான் இருக்கின்றன. பசை காய்ச்சியாகிவிட்டது. நான் ஒட்டினால் பிரியாது என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. சற்று முன்னால் பேசும்போது சொன்னீர்கள்: டீச்சருக்குப் பிறகு படிக்க ஆளில்லை, அதனால் பெட்டிகளைப் பத்திரமாகச் சோமனூரில் உங்கள் மைத்துனர் கிடங்குக்கு அனுப்பலாம் என்று. பத்திரமா? தறி ஓடுகிற இடத்துப் பஞ்சுத் தூசி எனக்குத் தெரியாதா? என் நெஞ்சிலேயே பாதி இருக்கிறது! கிடங்குக்குப் போன ஏடு திரும்பி வந்ததை யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஓர் ஏட்டுக்கும் அடுத்த ஏட்டுக்கும் நடுவில் நாம் விட்டுவிட்டுப் போவதற்கா அந்த அம்மாள் கண் கெடப் படித்தார்?

ஆளில்லை என்கிறீர்கள். ஆள் இருக்கிறார்! டீச்சரை அடக்கம் செய்த அன்றைக்கு, பெண்கள் உள்ளே போகும் வழக்கமில்லை என்பதால் நான் மையவாடிக் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தேன். மண் போட்டுவிட்டு வந்த கரும்புக்கடைப் பள்ளிவாசல் மௌலவி அன்வர்தீன் என்னைப் பார்த்து நின்றார். “அம்மா, மிச்ச ஏடுகளை யார் பார்க்கிறாங்க?” என்று அவராகவே கேட்டார். “நீங்கதானுங்க” என்றேன். “திங்கக்கிழமை வாரேன்” என்றார். அதோ, தூண் ஓரமாக நிற்கிறார். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்!

எங்கள் அறையில் ஒரு பழக்கம் உண்டு. சாயங்காலம் கட்டி வைக்கும்போது நான் கேட்பேன், “இன்னைக்கு எந்தச் சொல்லுங்க டீச்சர்?” எந்த ஏட்டில் நிறுத்தினாரோ அதன் அடிச்சொல்லை அவர் வாய்விட்டுச் சொல்வார். மறுநாள் காலையில் நான் திருப்பிச் சொல்வேன். அதைப் பிடித்துக்கொண்டு அவர் ஏறுவார். அடையாளத்துக்குச் சீட்டு வைத்ததே இல்லை. “எதுக்குச் சீட்டு? பழனியாத்தாக்கா எதையும் மறக்க மாட்டாங்க, மன்னிக்கவும் மாட்டாங்க” என்பார்.

கடைசியாக வந்த அன்றைக்கும் கேட்டேன். ஏட்டின் அடியைப் பார்த்தார், சிரித்தார்.

“பாக்கி.”

“இதென்னுங்க டீச்சர், மளியக்கடைச் சொல்லு!”

“அதேதான்க்கா. உங்க மளிகைக்கடையில மிச்சம். எங்களுக்கு அது அல்லாவோட பேரு. எல்லாம் போன பின்னாலயும் இருக்கறவன்.”

ஏட்டை மூடினார், செருப்பைப் போட்டார், படியிறங்கினார். மறுநாள் அவர் வரவில்லை. நான் அந்தச் சொல்லை வாயிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்றைக்கும் வைத்திருக்கிறேன். கோவை மக்களே! சாஜிதா டீச்சர் மேல் ஆணையாகச் சொல்கிறேன். இரண்டாம் தொகுதி வரும். அதன் அட்டையில் அவர் பெயர் முதலில் வரும். பெட்டி ஒன்றுகூடச் சோமனூர் போகாது. செயலாளர் அவர்களே, அறைச் சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. கூட்டம் முடிந்து நீங்கள் காரில் ஏறுவதற்கு முன்னால் அதை ஜெரோம் சார் கையில் கொடுத்துவிடுவீர்கள். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

திங்கட்கிழமை அறை திறக்கும். மௌலவி வந்து உட்காருவார். டீச்சர் எங்கே நிறுத்தினார் என்று கேட்பார். நான் சொல்வேன்:

“பாக்கிங்க.”