பெண் அழைப்புக்கு வந்த கறிக்குழம்பு

எனக்குச் சாம்பார்தான் பிடிக்கும், ராசாங்கம் ஐயா. உங்கள் பெரம்பலூர் மண்டபத்தில் அன்று கறிக்குழம்பு ஊற்றியதால் என் வாய்க்கு எந்த லாபமும் இல்லை.

மேல் மாடியில் ஜோதியின் கல்யாணம், கீழே யாரோ வீட்டுக் காதுகுத்து. ஜோதி என்னோடு உட்கார்ந்து உங்கள் மண்டபத்துக்குப் புரோகிராம் எழுதியவள். அதில் ஆபீஸ் திரைக்கு ஒரு த்ரெட், சமையற்கட்டுத் திரைக்கு ஒரு த்ரெட், ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் இரண்டு வேலையாட்கள் மாதிரி. ஒரு விசேஷத்தின் விவரம் கம்ப்யூட்டரில் இருக்கும் இடத்தை இரண்டும் பாயிண்டர் என்ற விலாசத்தால் பிடித்துக்கொள்ளும். எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஓர் எண்ணிக்கை ஓடும். கடைசி ஆளும் விட்டதும் அந்த இடம் காலியாகி, அடுத்த விசேஷத்துக்குப் போய்விடும். ஆனால் இருவரும் ஒரே கணத்தில் பிடித்தால் இரண்டு என்று ஏறவேண்டியது ஒன்றிலேயே நின்றுவிடும். பிறகு ஒருவர் விட்டாலே போதும், மற்றவர் படித்துக்கொண்டிருக்கும்போதே இடம் காலி. அதனால் ஒருவர் எண்ணி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கும்படி ஜோதி ஒரு பூட்டுப் போட்டிருந்தாள்.

"திரை ரொம்ப மந்தமா வருதே தமிழ்மாறா" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஜோதி கல்யாண லீவில் போனதும் பூட்டை எடுத்தேன். வேகம் கூடியது, நீங்களே பாராட்டினீர்கள்.

இருவரும் ஒரே கணத்தில் பிடிப்பதெல்லாம் லட்சத்தில் ஒருமுறை நடப்பது. அதனால்தான் பெண் அழைப்பன்று காலையிலிருந்து என் கம்ப்யூட்டரில் இரண்டு திரைகளையும் திறந்துவைத்து, இரு கையாலும் அமுக்கிக்கொண்டே இருந்தேன். மதியம் பலித்தது. ஜோதி கல்யாணத்துச் சைவச் சாப்பாடு இருந்த இடத்தில் காதுகுத்துக் கறிச்சாப்பாடு வந்து உட்கார்ந்துகொண்டது. கம்ப்யூட்டர் சொல்வதைத்தான் சமைக்க வேண்டும் என்பது நீங்கள் போட்ட சட்டம். சமையல்காரர் வீரமுத்து மறுபேச்சில்லாமல் இன்னும் சில கிடாக்களுக்குச் சொல்லியனுப்பினார்.

மாப்பிள்ளை வீட்டார் இலையை மடித்துவிட்டுப் போவார்கள், கல்யாணம் நின்றுபோகும் என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்தும்விட்டார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"இந்தப் பக்கம் நல்லி எலும்பே வரலியேப்பா" என்றார்.

ஜோதி மட்டும் இலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பூட்டை எடுத்துட்டீங்களா சார்?"

"ஸ்பீடுக்காகத்தாம்மா."

உங்களிடமும் அதையேதான் சொல்கிறேன், ஐயா. ஜோதிமேல் எனக்கு எந்த ஆசையும் கிடையாது. மறுநாள் மேலே கெட்டிமேளம் கொட்டும்வரை அந்த இரண்டு திரைகளையும் விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தேன் என்றால், அது வேகத்தைச் சோதிக்கத்தான்.