விதைக்கு விட்ட புடலங்காய்

ஓடுகிறோம். ஆடி மாதம். வெள்ளிக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். குடாவுக்கு அந்தப் பக்கம், துறைமுகத்தில், டும் என்று ஒரு பீரங்கிக் குத்து. பன்னிரண்டு எண்ணுவதற்குள் தலைக்கு மேல் கூவல். பிறகு செல் விழுந்து வெடிக்கும் சத்தம்.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

கத்துகிறவள் பக்கத்து வளவுப் பாக்கியம். படுத்தேன். படுத்தபடி என் பந்தலைப் பார்த்தேன். விதைக்கு விட்ட புடலங்காய் ஒன்று தொங்குகிறது. முத்தி வெடித்துச் சிந்தாமல் சிவப்புத் துணி சுற்றிவைத்த காய்.

"ஐயோ, என்ர விதைக்காய்!"

"உயிரைப் பாருங்கோ அக்கா!"

என் கணவர் கையைப் பிடித்து இழுத்தார்.

எங்கள் ஊர் கட்டைபறிச்சானில் என் புடலங்காயின் நீளத்துக்கு யாருடையதும் வராது. வரி வரியாக, ஆள் உயரம். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பாக்கியம் பல வருடம் விதை கேட்டாள். ஒருமுறை கொடுத்தேன். கொதிநீரில் போட்டு எடுத்து, காயவைத்துக் கொடுத்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. "எனக்குக் கைராசி இல்லை அக்கா" என்று சிரித்தாள்.

ஓடிய வழியில், வெருகல் ஆற்றங்கரையில் இன்னொரு செல் விழுந்தது. என் கணவர் அந்த இடத்திலேயே போய்விட்டார். அங்கேயே மண் போட்டோம். குழி வெட்டியது பாக்கியத்தின் புருஷன் சின்னத்தம்பி. அவருக்கு ஒரு கீறலும் இல்லை. நான் குழியைப் பார்க்கவில்லை. சின்னத்தம்பியின் இரண்டு கால்களையும் பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் ஏன் நிற்கிறார். என்னுடையவர் ஏன் கிடக்கிறார்.

பிறகு மட்டக்களப்புப் பக்கம் அகதிக் காம்பில் கூடாரம். அவரைச் சொல்லி அழ எனக்குக் கூச்சம். விதைக்காயைச் சொல்லி அழுதேன். பாக்கியம் வீட்டாரை முதலில் ஊருக்கு விட்டார்கள். என்னை நாலு மாதம் கழித்து. அதற்கும் வயிறு எரிந்தது.

அடுத்த ஆவணி. திங்கட்கிழமை. மத்தியானம். ஊருக்குள் வருகிறேன். ஒரு சத்தம் இல்லை. நாய்கூட இல்லை. என் வீட்டுக்குக் கூரை இல்லை. தோட்டத்தில் இடுப்பளவு நாயுருவி. சுற்றிவர சிவப்பும் வெள்ளையுமாக நாடா. ஒரு பலகை. எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்கு நேரம் எடுக்கும். வாசிக்கவில்லை. பாக்கியம் என் நிலத்தையும் வளைத்துப் போட்டாள் என்று நினைத்தேன்.

அவள் பக்கம் முழுதும் பச்சை. பந்தல் நிறையப் புடலை. வரி வரியாக. என் விதைச் சாதி. நுனியில் கல் கட்டி நேராக விட்டிருக்கிறாள்.

பிஞ்சை விரலால் காட்டினால் அழுகிவிடும். எங்கள் ஊரில் இது தெரியாதவர் இல்லை. நான் விரலை நீட்டினேன். ஒன்று. இரண்டு. ஏழு பிஞ்சு இருந்தது. ஏழையும் காட்டினேன். பிறகு நாடாவைத் தூக்கினேன். என் வளவுக்குள் போக யாரைக் கேட்க வேண்டும்?

"கால் வையாதையுங்கோ! மிதிவெடி! அக்கா, நில்லுங்கோ!"

தூக்கிய கால் தூக்கியபடி. பாக்கியம் ஓடி வந்து என்னை இழுத்தாள். பின்னால் சின்னத்தம்பி வாசலுக்கு வந்தார். கம்பு ஊன்றி. வலது கால் முழங்காலோடு சரி.

"காம்பில அந்தக் காயைச் சொல்லியெல்லே அழுதனீங்கள்" என்றாள். "துணியோட உங்கட பந்தலில காய்ஞ்சு கிடந்தது. எடுத்து வைப்பமெண்டு இவர் உள்ள போனவர். வெடிச்சு விழுந்த பிறகும் காயைக் கைவிடேல்ல."

உள்ளே போய், விதை போட்ட பால்மாத் தகரப் பேணியோடு வந்தாள்.

"பாதி நட்டனான். மிச்சம் உங்களுக்கு. பாருங்கோ, இந்த முறை எனக்கும் முளைச்சிட்டுது!"

சிரித்தாள். நான் பேணியை வாங்கினேன்.

போனதை எண்ணிச் சொல்கிறேன். என் புருஷன், ஒருவர். வீடு, ஒன்று. கோழி, பதினொன்று. பந்தல், இரண்டு. சின்னத்தம்பியின் வலது கால். கொதிநீரில் போட்ட விதை, ஒரு கை. அதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

நான் விரல் காட்டிய பிஞ்சு ஏழு. ஒன்றும் அழுகவில்லை. ஏழும் வளர்ந்தன. என்னுடையதைவிட ஒரு சாண் கூடுதலாக.