செல்லக்கிளிக்கு ஓர் இடம் வேண்டும்

விழாத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் ஸ்ரீலக்ஷ்மி அம்மையார் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை விருந்தைத் துறந்து எங்களுக்குத் தமிழ் விருந்து படைத்த பேராசிரியர் நேசையா அவர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் அன்னையரே, அணைத்தோமா இல்லையா என்று தவித்துக்கொண்டிருக்கும் ஓரிரு அன்னையரே, ஆன்றோரே, அண்ணாச்சிகளே, அஞ்சல்வழியில் படித்து இன்று அரங்கேறியிருக்கும் என் அருமைத் தோழர்களே, அனைவருக்கும் தாஜ் முகம்மதுவின் தாழ்மையான வணக்கம்.

மேலரத வீதியில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருப்பவன் நான். நாற்பது வயதில் இளங்கலைத் தமிழ் படிக்கப் புகுந்தேன். "இந்த வயசுல எதுக்குவே படிப்பு? பஞ்சர் ஒட்டவா?" என்று கேட்டவர் இந்த அரங்கிலேயே இருக்கிறார். பெயர் சொல்லமாட்டேன், மூன்றாவது வரிசை.

ஆனால் இன்று நான் பேச வந்தது என்னைப் பற்றியல்ல. என்னோடு படித்துப் பட்டம் பெற்ற செல்லக்கிளியைப் பற்றி.

நாங்குநேரிப் பக்கம் வயல் வேலை செய்யும் முத்துமாலை அண்ணாச்சியின் பிள்ளை அவர். பிறந்தபோது ஆண் என்றது ஊர். அறிவு தெரிந்த நாள் முதல் பெண் என்றது உள்ளம். உள்ளம் சொன்னதை அவர் நம்பினார். செல்லக்கிளி என்பது அவரே சூடிக்கொண்ட பெயர். இத்தகையோரை அழைக்கத் தெருவில் ஒரு சொல் வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லுக்கு இந்த மேடையில் இடமில்லை.

பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கிக் கல்லூரியில் சேர்ந்தார். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். வருகைக்குப் பெயர் வாசித்தால், வகுப்பே கீச்சுக்குரலில் பதில் சொன்னது. விடுதியில் இடமில்லை என்றார்கள். தீபாவளி விடுமுறைக்குப் போனவர் திரும்பவில்லை. வீட்டிலும் தங்க முடியவில்லை. சேலை கட்டியதைப் பார்த்து அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். ஜங்ஷன் பக்கம் தோழியரோடு ஓர் அறை எடுத்து, கல்யாண வீடுகளில் சமையல் வேலைக்குப் போனார்.

கல்லூரி கதவைச் சாத்தியது. கல்வி சாத்தியதா? இல்லை. அஞ்சல்வழியில் சேர்ந்தார். ஏன் தபால் படிப்பு என்று ஒருநாள் கேட்டேன். "தபால்ல வார பாடம் என்னப் பாத்துச் சிரிக்காதுல்லா அண்ணாச்சி" என்றார்.

புத்தகக் கட்டு அப்பா வீட்டு முகவரிக்குப் போய்விட்டது. முத்துமாலை அண்ணாச்சி அதைத் திருப்பி அனுப்பினாரா? மூலையில் போட்டாரா? தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். அறை வாசலில் இறக்கி வைத்து, "பொஸ்தகம் வந்திருக்கு" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல். அடுத்த கட்டு வந்தபோது, "சாப்பிட்டியா" என்பதும் சேர்ந்தது.

தபால் படிப்பின் வார இறுதி நேர்முக வகுப்பில் இடப்புறம் பெண்கள், வலப்புறம் ஆண்கள். செல்லக்கிளி வாசலிலேயே நின்றார். சத்துணவு மையத்தில் வேலை பார்த்துக்கொண்டே எங்களோடு படித்த முத்துராணி அக்கா தள்ளி உட்கார்ந்து, "எதுக்கு அங்கன நிக்கிய? இங்கன வாங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு பெஞ்சில் ஒரு முழம் இடம். அதைக் கொடுக்க எந்தச் சட்டம் வேண்டும், எந்தச் சர்க்கார் வேண்டும்?

பிறகு இறுதியாண்டுத் தேர்வு வந்தது, கண்காணிக்க வந்தவர் ஊருக்குப் புதியவர். தேர்வுச் சீட்டில் இருந்தது, கிராப்பும் சட்டையுமாக அவர் முன்பு எடுத்த படம். வந்து நின்றதோ சேலையும் பின்னலுமாக. கண்காணிப்பாளர் சீட்டைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

"படத்துல ஆம்பள, நிக்கது பொம்பள. ஆள்மாறாட்டம். வெளிய போங்க."

செல்லக்கிளி பேனாவை மூடினார். மூன்றாண்டு உழைப்பு அந்த மூடியோடு முடியப் பார்த்தது. அப்போது எழுந்தார் முத்துராணி.

"சார், எஞ்சீட்டுல இருக்கது கலியாணத்துக்கு முந்தி எடுத்த படம். அதுல இருக்கவளையும் என்னையும் பாருங்க. ஒண்ணு மாதிரியா இருக்கு? அப்ப என்னையும் வெளிய அனுப்புங்க."

நானும் எழுந்தேன். என் படத்தில் தலை நிறைய முடி. தொப்பியைக் கழற்றிக் காட்டினேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அன்று அந்தக் கண்காணிப்பாளரும் சிரித்துவிட்டார். தலைமைக் கண்காணிப்பாளரை அழைத்து வந்தார். கையெழுத்துப் போடச் சொல்லி ஒப்பிட்டார்கள், ஒத்திருந்தது. எழுத விட்டார்கள். அரை மணி நேரம் போயிருந்தது. மிச்ச நேரத்தில் எழுதியே செல்லக்கிளி முதல் வகுப்பு. முழு நேரம் எழுதிய நான்? அதை விடுங்கள்.

அன்பர்களே, அஞ்சல்வழிக் கல்வி அருமையானது. எனக்கு அது வாசல். முத்துராணிக்கு அது வாசல். ஆனால் செல்லக்கிளி போன்றவர்களுக்கு அதுவே ஒதுக்குப்புறம் ஆகிவிடலாமா? தபால் படிப்பைத் தேர்ந்தெடுப்பது வேறு. அங்கே தள்ளப்படுவது வேறு. நூலகத்தில் உட்கார ஆசை அவருக்கு இருக்காதா? மர நிழலில் நின்று மற்றவரோடு வாதிட ஆசை இருக்காதா? மடை திறந்தால் தாமிரபரணி எந்த வயலையாவது விலக்கிப் பாய்கிறதா?

என்ன அண்ணாச்சி? தண்ணீருக்குச் சண்டை போடுவது நாம்தான் என்கிறீர்களா? அதைத்தான் நானும் சொல்கிறேன்.

தலைவர் அவர்களே, செல்லக்கிளி முதுகலைத் தமிழ் படிக்க விரும்புகிறார். தபாலில் அல்ல, தங்கள் கல்லூரியில். பயந்துகொண்டு கேட்காமல் பின்வரிசையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை பேர் முன்னிலையில் அவருக்காக நான் கேட்கிறேன். ஓர் இடம் வேண்டும். கேலி இல்லாத ஓர் இடம்.

அம்மையார் ஏதோ சொல்கிறார்கள். சற்று அமைதி. "திங்கட்கிழமை காலையில சான்றிதழோட வரச் சொல்லுங்க. சிரிக்கவங்கள நான் பாத்துக்கிடுதேன்" என்கிறார்கள்.

கைதட்டல் போதும், போதும். பின்வரிசையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நிற்பவர்தான் முத்துமாலை அண்ணாச்சி. என்னவே சொல்லுதீர்? உரக்கச் சொல்லும்.

"தனியா போகாண்டாம், நானும் கூட வாரேன்" என்று மகளிடம் சொல்கிறார்.

இதற்கு மேல் பேச என்னிடம் தமிழில்லை. இடம் தந்த தலைவருக்கும், பெஞ்சில் தள்ளி உட்கார்ந்த முத்துராணிக்கும், இவ்வளவு நேரம் காது தந்த உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லார் மீதும் அமைதி பொழியட்டும். வணக்கம்.