பத்தொன்பது கிலோ

— ஷூவக் கழட்டு வேல்விழி. இன்னைக்கு ஓட்டம் கெடையாது.

— ஏன் மதினி? வெயில் ஏறுமுன்ன பீச் ரோட்டுல ஒரு சுத்து போயிட்டு வந்திருவோமே.

— இனிமே எனக்கு ஓட்டமே கெடையாது. நேத்து பாளையங்கோட்டையில ஒரு லேடி டாக்டரப் பாத்தேன்.

— யாரு கூட? அண்ணன் கூடயா?

— தனியா, பஸ்ஸுல. ஆறு மாசமா மாசம் வரலல்லா, ஏன்னு கேக்கப் போனேன். மொத மாசம் தள்ளுனதும் விசேஷம்னு நெனச்சு ஒங்கம்மா பாயசம் வச்சாவ. கேட்டியா, அதக்கூட நீ குடிக்க விடல.

— அவ்வளவும் சீனி மதினி.

— டாக்டர் என்னையப் பாத்ததும், 'அருணாசலவடிவு, வீட்டுல ஒனக்குச் சோறு போடுதாங்களா?'ன்னு கேட்டாவ. எனக்கு அழுகையே வந்துட்டு.

— எடை கொறஞ்சா ஹார்மோன் சரியாகும் மதினி. எங்க லேப்ல எத்தன பேரப் பாக்கேன்...

— கூடக் கெடந்தாக் கொறைக்கணும். ஓடத் தொடங்குமுன்ன இருந்த அறுபத்து நாலு கிலோவெல்லாம் ஒரு கூடுதலான்னு கேட்டாவ. கொழுப்புல லெப்டின்னு ஒரு ஹார்மோன் சொரக்குமாம். 'கையிருப்பு இருக்கு, பயப்படாத'ன்னு மூளைக்குச் சொல்லுமாம். ரெண்டு இட்லியத் தின்னுட்டு ரெண்டு நேரமும் ஓடுனதுல அது வத்திப்போச்சு. பஞ்சம் வந்துட்டுன்னு பயந்து ஒடம்பு மாசத்தையே நிப்பாட்டிட்டாம்.

— அப்போ, நல்லா சாப்பிட்டா...

— சரியாயிரும். அந்தப் பத்தொம்பது கிலோ எறங்குமுன்ன எனக்கு ஒரு கொறையும் இல்லையாம். பழைய ஸ்கேனப் பாத்துட்டுச் சொன்னாவ.

— சந்தோஷம்தானே மதினி.

— பிள்ளைக்காக ஒங்கண்ணனுக்கு எடுத்த விந்து டெஸ்ட் ரிப்போர்ட்டையும் காட்டுனேன். மேல உள்ள எண்ணும் கீழ உள்ள எண்ணும் ஒட்டலையே, வேற எடத்துல திரும்ப எடுங்கன்னாவ. ஏளா, தரையப் பாக்காத. என்னையப் பாரு. அது நீ வேல பாக்குற லேப்தானே?

— ஆமா.

— 'கொழுத்த கோழி முட்ட போடாது'ன்னு மாமா வீட்டுக் கல்யாணத்துல அத்தன பேரு முன்னால ஒங்கண்ணன் சொன்னாரே. நானும் சேந்து சிரிச்சேன். தன் கொறைய மறைக்க என்னையப் பட்டினி போட்டிருக்காரு.

— மதினி...

— அவரு மறைக்கச் சொன்னாரு, நீ மறைச்ச. ரெண்டு வருஷம் கையப் புடிச்சு ஓடுனியே. மயங்கி விழுந்தப்ப மடியில போட்டுத் தண்ணி குடுத்தியே. அப்பக்கூட மனசு கேக்கலையா?

— எத்தனையோ நாள் சொல்ல வந்தேன். அண்ணன் எதையும் தாங்க மாட்டான். ப்ளஸ் டூவுல ஃபெயிலாயி, பூச்சி மருந்தக் குடிச்சுட்டு ஆஸ்பத்திரியில கெடந்தவன். ஒங்களுக்குத் தெரியாது.

— அதுக்கு என்னைய உருக்கணுமா? துணிமணி எடுத்து வச்சாச்சு. பத்து மணி பஸ்ஸுல ஆழ்வார்திருநகரிக்கு, எங்கப்பா வீட்டுக்குப் போறேன். போறதுக்கு முன்ன அவரு வாயாலயே கேக்கணும். அவரு கடைக்கு ஃபோனப் போடு.

— வேண்டாம் மதினி!

— போடுளா!

— அண்ணனுக்கு ஒண்ணுமே தெரியாது மதினி. கொறை ஒங்ககிட்டன்னுதான் இன்னைக்கும் நம்பிக்கிட்டிருக்கான். ரிப்போர்ட்டுல அந்த எண்ண மாத்தி அடிச்சு அவன் கையில குடுத்தது நான்.