ஒத்தைக் கையில் கட்டின தலப்பா

விஜயா: படம் முடியறப்ப நீ அழுவேன்னு பார்த்தேன் ராதிகா. கல்லாட்டம் உக்காந்திருந்தே.

ராதிகா: அழுகை வந்துச்சுங்க அக்கா. அந்தத் தலப்பாவைப் பார்த்தனா... நின்னு போச்சு.

விஜயா: எந்தத் தலப்பா?

ராதிகா: அக்கா, அது சாமை. களை இந்தப் பக்கம் இருக்குது.

விஜயா: ஓ... முளையில புல்லும் பயிரும் ஒண்ணாட்டமே தெரியுது.

ராதிகா: கல்யாணமாயி வந்ததுல இருந்து இந்தக் காட்டுல களை எடுக்கறீங்க. இன்னிக்கு மட்டும் சாமையாப் பார்த்துப் புடுங்கறீங்க. என்ன நெனப்பு?

விஜயா: படத்து நெனப்புதான். எந்தம்பி வேலு அனுப்புன படமாச்சே. ஆவணியில கட்டிக்கப் போற உனக்கு ஒரு சேலை அனுப்பலாம். போர்வெல் லாரியில ராஜஸ்தான் சுத்துறவன், இந்திப் படம் அனுப்பறான்.

ராதிகா: அக்காகூட உக்காந்து பாரு, கீழ தமிழ்ல எழுத்து ஓடும்னாரு. பாதி எழுத்துப் படிக்கறதுக்குள்ள ஓடிப்போச்சு.

விஜயா: புரிஞ்சுதில்ல?

ராதிகா: நல்லாப் புரிஞ்சுது. ராஜா காலத்துக் கதை. கோட்டைக்காரன் மக, குதிரை மேய்க்கறவன். அந்தப் படிக்கெணத்துல அவ மேல்படியில, அவன் தண்ணிக்கிட்ட. ஒரு வார்த்தை பேசிக்கல. கொலுசுச் சத்தம் மட்டும் கீழ எறங்கிப் போகுது... அது ஒண்ணுக்காகவே இன்னொருக்கா பாக்கலாம்.

விஜயா: பாட்டு?

ராதிகா: பாட்டும் நல்லாத்தான் இருந்துச்சு. அந்த ஊருல யாருமே வேலை செய்யலைங்களே அக்கா. ஒருத்தி ஒரு சட்டி கழுவல. மணல்ல அத்தனை தூரம் நடக்கறா, பாவாடை ஓரத்துல அழுக்கு இல்ல. அவன் சண்டைக்குப் போயி வருசக்கணக்காகுது, அவளுக்கு ஒரு நரை இல்ல.

விஜயா: சினிமான்னா அப்படித்தான் கண்ணு. மழையில ஆடுனாளே, அது?

ராதிகா: அங்கதான் எனக்கு மனசு ஒட்டல. மழை பேஞ்சா அவன் நெனப்பு வந்து அழுவறா. நமக்கு அப்படியா? ராஜஸ்தான்ல மழை புடிச்சா போர்வெல் வண்டி காட்டுக்குள்ள எறங்காது. ஆளுங்க ஊருக்கு வந்துருவாங்க. போன வருசம் மழைன்னு கேட்டதும் நான் பஸ்ஸைத்தான் பார்த்துட்டு நின்னேன்.

விஜயா: இந்த வருசம் அங்க மழை இன்னும்...

ராதிகா: டிவியில காட்டுறாங்க அக்கா. ரோட்டுல முழங்கால் தண்ணி.

விஜயா: வேற பக்கமா இருக்கும்.

ராதிகா: சின்னுசாமி அண்ணன் உங்க தம்பி போற அதே லாரிதானுங்களே? நேத்து சோளக்காட்டுச் சந்தையில பார்த்தேன். என்னைக் கண்டதும் பலாப்பழத்தைத் தட்டிப் பாக்கத் திரும்பிட்டாரு. அவரு தோட்டத்துலயே பலா அழுகிக் கெடக்குது.

விஜயா: அதை விடு. இந்தக் களையைப் பாரு, வேரோட வந்துருச்சு.

ராதிகா: மறுபடியும் சாமை.

விஜயா: சரி, படத்துக் கடைசியைப் பத்திச் சொல்லு. சண்டையில கை போயி வாரான். கோட்டை வாசல் வரைக்கும் வந்துட்டு, அவ கண்ணுல படாமயே திரும்பிப் போயிடறான். எப்பேர்ப்பட்ட மனசு.

ராதிகா: எனக்கு அந்த எடந்தான் ஆகல.

விஜயா: ஏனாம்?

ராதிகா: அவனாக் கேள்வி கேட்டு, அவனாப் பதிலும் சொல்லிக்கிட்டான். உள்ள இருக்கறவளை ஒரு வார்த்தை கேக்கல. அதைப் பெரிய தியாகம்னு பின்னால வயலின் வேற.

விஜயா: கேட்டா அவ பாவம் பார்த்துச் சரின்னுதான் சொல்லியிருப்பா. அது அவனுக்குத் தெரியாதா?

ராதிகா: பாவமும் பாப்பா. பயப்படுவா, கோவிச்சுக்குவா, ரெண்டு நாள் சோறு திங்காமக் கெடப்பா. அதையெல்லாம் காட்டியிருந்தா அதுதான் படம்.

விஜயா: வேண்டாம்னு சொல்லியிருந்தா?

ராதிகா: அதாச்சும் அவ சொன்னதா இருந்திருக்கும்.

விஜயா: ம்... தலப்பான்னு என்னமோ சொன்னே.

ராதிகா: அதுங்களா... வலது கை போச்சு. கூட ஒரு ஆள் இல்ல, தனியா நடந்து வாரான். தலப்பா மட்டும் புது மாப்பிள்ளையாட்டம். ஒத்தைக் கையில யாரு கட்டிவிட்டா? எங்கப்பன் ரெண்டு கையில கட்டறதே கோணிக்கிட்டு நிக்குது.

விஜயா: அதையெல்லாமா பாப்பாங்க?

ராதிகா: நான் பாப்பேன். கை போனவன் எதை எப்படிச் செய்வான்னு படம் எடுத்தவங்க ஒருநாள் கூட யோசிக்கல. அழகாப் போயிட்டான், அவ்வளவுதான்.

விஜயா: ராதிகா... களைக்கொத்தைக் கீழ வையி. ஒண்ணு சொல்லணும். படம் முடிஞ்சதும் கடைசியைப் பத்தி நீ என்ன சொல்றேன்னு கேக்கச் சொன்னதே அவன்தான். வேலு வந்து ஒரு வாரமாச்சு. கீழ சேந்தமங்கலத்துல, சித்தி ஊட்டுல இருக்கான். மேல வர மாட்டேங்கறான். போர்ல குழாய் எறக்கறப்ப அவன் கை...

ராதிகா: வலது கைதானுங்களே? பங்குனிக்குப் பொறவு போன்ல எனக்கு ஒரு எழுத்து அடிச்சு அனுப்பல, எல்லாம் குரல்தான். வீடியோவுல எடது தோள் மட்டும் வரும். சாப்பிடற நேரத்துக்குக் கூப்பிட்டா எடுக்கறதில்ல. நான் அழுவ வேண்டியதைச் சித்திரையிலயே அழுது முடிச்சுட்டேன் அக்கா. அவரா எப்பச் சொல்லுவாருன்னுதான் பார்த்துட்டிருந்தேன். நாளைக்கு மொத பஸ்ஸுக்கு ஏறச் சொல்லுங்க. சட்டைப் பொத்தானை அவரே போடட்டும். கோணலா இருந்தா கோணலாவே வரட்டும்.