ராசிக்கை திருமலைச்சாமி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் சரக்கு வேன் ஓட்டுநர் சங்கத் தலைவர் குருநாதன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, கிளாவரையிலிருந்தும் பூண்டியிலிருந்தும் பூண்டு பிடுங்குவதைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் சொந்தபந்தங்களே, திருமலைச்சாமியைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும், எங்கள் வீட்டுப் பெண் போன்ற அவர் மனைவி பாண்டிச்செல்வியே, உங்கள் எல்லோருக்கும் அன்னக்கொடியின் வணக்கம்.

மைக்கைப் பிடித்தால் நான் முதலில் என் பேரப்பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கும் அங்கிருந்துதான் தொடங்குகிறேன். மூத்தவன் பிரதீப் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். அவனுக்குக் கீழே ஒரு குழுவே வேலை செய்கிறது. அடுத்தவள் ஸ்வேதா மதுரையில் நர்சு, படிப்பில் மெடல் வாங்கியவள். கடைக்குட்டி கலைமணி மாவட்ட ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தவள், இப்போது கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். இந்த மூன்று பேரும் படிப்புக்கென்று முதன்முதலாக மலையிறங்கியது யாருடைய வண்டியில்? திருமலைச்சாமியின் வண்டியில். பிரதீப்பின் பெட்டியைப் பூண்டு மூட்டைக்கு மேலே வைத்துக் கட்டிவிட்டு, "ஏலே, பெட்டியில பூண்டு வாசம் வரும். காலேஜ்ல எவனாச்சும் மூக்கப் பொத்துனா, எங்க ஊரு செண்டுன்னு சொல்லிரு" என்று சொல்லிக் கூட்டிப் போனவர் அவர்.

வாரம் தவறாமல் குடும்பக் குரூப்பில், "புதுப் போட்டோ போடுங்க" என்று பிள்ளைகளிடம் கேட்பேன். திருமலைச்சாமி போன நாளிலிருந்து கேட்பதை நிறுத்திவிட்டேன். கடைசியாக வந்த படத்தில் பிரதீப்பின் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்குகிறது. கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருக்கிறது. அதே கருப்பைத் திருமலைச்சாமியின் முகத்தில் நாம் எல்லோரும் வருசக்கணக்கில் பார்த்தோம். பார்த்து, உழைக்கிற பிள்ளை என்று மெச்சினோம்.

இன்று காலையில் பாண்டிச்செல்வி என்னிடம் வந்தாள். "அப்பத்தா, நீங்க மைக்ல பேசப் போறீங்களாமே. அவரப் புகழ்ந்து பேசாட்டியும் பரவாயில்ல. எங்க கொழுந்தன விட்டுருங்கன்னு மட்டும் ஊருக்குச் சொல்லிருங்க" என்றாள். கொழுந்தன் என்றால் திருமலைச்சாமியின் தம்பி முருகவேல். அண்ணன் வண்டியை இப்போது ஓட்டுகிற பிள்ளை. அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பதைச் சொல்லத்தான் நான் இங்கே நிற்கிறேன்.

திருமலைச்சாமி இந்த ஊருக்கு என்ன செய்யவில்லை? மண் சரிந்து பாதை அடைபட்டபோது, கடப்பாரையோடு முதலில் இறங்கியவர் யார்? வீரம்மாளின் மருமகளுக்கு வலி எடுத்தபோது, ஏற்றிய கோஸ் மூட்டைகளை வழியிலேயே இறக்கிப் போட்டுவிட்டு, அவளைக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் யார்? கேஸ் சிலிண்டர், உரம், கல்யாணச் சாமான், காது குத்துக்கு ஆடு என்று எதைச் சொல்லிவிட்டாலும் முகம் சுளிக்காமல் ஏற்றி வந்தவர் யார்? வாடகை பேசத் தெரியாத மனிதர். கேட்டால், "இருக்கட்டும் அப்பத்தா" என்பார்.

அவர் சொந்த வண்டி வாங்கிய வருசம் பூண்டு விலை அடிமட்டத்தில் கிடந்தது. அவர் முதல் லோடு ஏற்றிக்கொண்டு வடுகபட்டிச் சந்தைக்குப் போன அன்று வரத்துக் குறைவு. விலை ஏறியது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஊருக்குள் என்ன பேச்சு வந்தது? "திருமலைச்சாமி கை ராசியான கை." அடுத்த சந்தைக்கு ஊரின் இன்னொரு வண்டிக்காரர் சேனாதிபதி லோடு கொண்டுபோனார். விலை இறங்கியது. அதையும் பேசினோம். "அவன் வண்டிக்கு ராசியில்ல."

அன்றிலிருந்து நம் ஊரில் ஒரு வழக்கம் வந்தது. எந்த வீட்டுப் பூண்டானாலும் முதல் மூட்டைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, திருமலைச்சாமி தன் கையால் தூக்கி வண்டியில் ஏற்ற வேண்டும். சுமைகாரர் தொடக்கூடாது. அவரே தோட்டம் தோட்டமாக வர வேண்டும். பிறகு பூண்டோடு நிற்கவில்லை. கேரட்டுக்கும் அவர் கை, பீன்ஸுக்கும் அவர் கை. பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கும் பெண் பார்க்கப் போகிறவர்களுக்கும் அவர் வண்டிதான் வேண்டும். இந்த ஊரில் இரண்டு வண்டி இருந்தது. சேனாதிபதியின் வண்டி தார்ப்பாய் போர்த்தி நின்றது. திருமலைச்சாமியின் வண்டி எஞ்சின் சூடு ஆறாமல் ஓடியது.

அந்த மனிதர் எப்போது தூங்கினார் என்று யாராவது கேட்டோமா? கோயில் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். பரிமாற வந்த பையன்கள், "மாமா, சாம்பார் ஆறுது, நீங்க மட்டும் சூடா தூங்குறீங்களே" என்று சிரித்தார்கள். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பந்தியே சிரித்தது. எழுந்து கை கழுவுவதற்குள், "அண்ணே, நம்ம தோட்டத்துப் பக்கம் வெரசா வந்துட்டுப் போங்க" என்று ஒருவர் கூப்பிட்டார். இலையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

பாண்டிச்செல்வி தடுக்காமலா இருந்தாள்? வாசலில் நின்று, "அவரு இப்பத்தான் படுத்தாரு, மத்தியானத்துக்கு மேல வாங்க" என்று சொல்லிப் பார்த்தாள். நாம் என்ன சொன்னோம்? "புருசன முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கா" என்றோம். ஒரு தடவை வண்டிச் சாவியை உப்பு ஜாடிக்குள் ஒளித்து வைத்தாள். அதையும் கதையாக்கி, "செல்வி, இன்னைக்குச் சாவிக் கொழம்பா?" என்று குழாயடியில் கேலி செய்தோம். உள்ளே படுத்திருப்பவருக்கு அதெல்லாம் காதில் விழும். எழுந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வருவார். "விடு செல்வி, ஊரு சோலி" என்பார்.

நம் பூண்டு என்ன, வாடிப்போகிற கீரையா? தாளோடு கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டினால் மாதக்கணக்கில் இருக்கிற பொருள். அதற்கு என்ன அவசரம்? பக்கத்து வீட்டு மூட்டை முந்திப் போய்விடக் கூடாது என்ற அவசரம்தான். அந்த அவசரத்துக்கு ஒரு மனிதரின் தூக்கத்தைக் கொடுத்தோம்.

அவர் போன அன்று வெள்ளனே ஏழு வீட்டு மூட்டையோடு இறங்கினார். பெருமாள்மலை தாண்டி ஒரு வளைவில் டீக்கடை இருக்கிறது. அங்கே வண்டியை ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, டீ சொல்லியிருக்கிறார். டீ வருவதற்குள் சீட்டில் சாய்ந்துவிட்டார். கடைக்கார ராக்கம்மா இங்கே வந்திருக்கிறாள். துக்கம் கேட்க வந்த அன்று அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "பின்னாடி வந்த பஸ்காரன் ஹாரன் அடிச்சான். நாந்தான் சத்தம் போட்டேன். அந்த மனுசன் இப்பத்தான் கண்ணசந்திருக்காரு, ஒதுங்கிப் போங்கய்யான்னு. எத்தன தடவ இந்த வழியா போயிருக்காரு, ஒரு நாளாச்சும் தூங்கட்டுமேன்னு டீயக்கூட எடுத்து வச்சிட்டேன்."

ராக்கம்மா, நீ வருத்தப்படாதே. இந்த மலையில் அவரைத் தூங்க விட வேண்டும் என்று நினைத்தவள், பாண்டிச்செல்விக்கு அடுத்தபடி நீ ஒருத்திதான்.

அவர் சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்ததாம். அடித்தது யார்? நாம்தான். லோடு இன்னும் சந்தைக்குப் போகவில்லையாமே, எங்கே நிற்கிறது என்று கேட்க அடித்தோம். திருமலைச்சாமி எங்கே என்று கேட்க ஒருவரும் அடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். நாற்பது வயது முடியாத மனிதருக்கு எப்படி வரும் என்று ஸ்வேதாவிடம் போனில் கேட்டேன். "அப்பத்தா, தூங்காத ஒடம்பு எத்தன நாளைக்குத் தாங்கும்? இங்க எங்க வார்டுலயே வாரத்துக்கு ரெண்டு மூணு பேரு வர்றாங்க. டிரைவரு, ஓட்டல்காரங்க, கம்ப்யூட்டர் வேலைக்காரங்க" என்றாள். நீ தூங்கினாயா தாயி என்று கேட்டேன். ரெண்டாவது டியூட்டி பார்க்கிறேன், பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் பேனரில் "ஓய்வறியா உழைப்பாளி" என்று போட்டிருக்கிறீர்கள். சங்கத்துப் பிள்ளைகள் அன்பாகத்தான் போட்டிருக்கிறீர்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அது அவருக்குப் பெருமையா? அவர் ஓய்வு அறியாதவர் இல்லை. கேட்டவர். கேட்டும் கிடைக்காதவர். சீசனுக்குக் கொடைக்கானல் ஓட்டல்களில் பாத்திரம் கழுவ நம் பிள்ளைகள் போகிறார்கள். சீசன் முடியும்வரை விழுந்து படுக்க ஒரு இடமும் நேரமும் இல்லை என்கிறார்கள். வீட்டுக்கு வந்தால், நல்லா உழைக்கிற பையன் என்று முதுகில் தட்டி, அடுத்த சீசனுக்கும் அனுப்பிவைக்கிறோம். முதலாளி பிழிவது ஒரு பக்கம் இருக்கட்டும். நாம் மெச்சியே பிழிகிறோமே, அதை எந்தச் சங்கத்தில் போய்ச் சொல்வது?

இப்போது பாண்டிச்செல்வி கேட்டதற்கு வருகிறேன். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்கு முன்பே முருகவேல் வீட்டு வாசலில் ஆள் போய் நின்றிருக்கிறார்கள். "அண்ணன் ரத்தம்தானப்பா ஒனக்கும் ஓடுது, அதே ராசி இருக்கும். வந்து முதல் மூட்டையத் தொட்டுக் குடு" என்று கேட்டிருக்கிறார்கள். அவனும் அண்ணன் மாதிரியே, முடியாது என்று சொல்லத் தெரியாத பிள்ளை. இரண்டு தோட்டத்துக்குப் போயும் வந்துவிட்டான். போன உயிருக்கு மாலை போட்டுவிட்டு, இருக்கிற உயிரை வரிசையில் நிறுத்துகிறோமே, நியாயமா? கேட்டவர்கள் பெயரைச் சொல்ல மாட்டேன். இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறீர்கள்.

திருமலைச்சாமி செய்த வேலையை நாங்கள் தொடர்வோம் என்று இந்த மேடையில் எல்லோரும் உறுதி கொடுத்தீர்கள். வேலையைத் தொடருங்கள். அவர் செய்த விதத்தைத் தொடர வேண்டாம்.

என் வீட்டில் முடிவு செய்ததைச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்துப் பூண்டு பிடுங்கியாகிவிட்டது. முதல் மூட்டையை எந்த வண்டிக்காரரும் தூக்க வேண்டாம், என் மகன் தூக்குவான். அது சேனாதிபதியின் வண்டியில் போகும். சரக்கு இறக்கியதும் அவர் கீழேயே படுத்துத் தூங்கிவிட்டுத்தான் மலையேற வேண்டும். எப்போது வருகிறீர்கள் என்று என் வீட்டிலிருந்து ஒருவரும் போன் அடிக்க மாட்டோம்.

நேற்று இதைச் சொன்னதும் சேனாதிபதி நம்பவில்லை. "அப்பத்தா, வெல எறங்குனா என் தலையிலதான வந்து விடியும்? ராசி கெட்டவன்னு மறுபடியும் ஊரே பேசும்" என்றார்.

நான் அவரிடம் சொன்னதையே உங்கள் எல்லோருக்கும் சொல்லி, பாண்டிச்செல்வியை வணங்கி முடிக்கிறேன். "எறங்குனா எறங்கட்டும்லே. நீ தூங்கி எந்திரிச்சு முழுசா வீடு வந்து சேரு."