மறுமுனையை விட்டவர்களுக்கு நன்றியுரை

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் எங்கள் சலவைக்கூடத்தின் மேலாளர் அவர்களே, பணியில் மூத்த பெருமக்களே, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, அருமை அண்ணன் மடிப்பு மேஸ்திரி அவர்களே! அனைவருக்கும் இந்த ஒட்டடைக்குச்சியின் வணக்கம்.

சிரிக்கலாம், தாராளமாகச் சிரிக்கலாம். ஆண்டு விழா நன்றியுரையை என் தலையில் கட்டியதே, மைக் முன்னால் நான் உளறுவதைப் பார்க்கத்தானே? ஏமாற்றியதற்கு மன்னியுங்கள்.

முதல் நன்றி மேஸ்திரி அண்ணனுக்கு. ஒல்லியாக, உயரமாக நான் வந்து நின்ற அன்றே பெயர் சூட்டிய பெருந்தகை! பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்கே மறந்துபோகும்படி அழைத்த வள்ளல்! இப்போது என்னை விட்டுவிட்டார். கேலிக்குப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தங்கை கிடைத்துவிட்டாளே!

நாம் வெளுக்கும் மருத்துவமனைப் படுக்கை விரிப்பை ஒருவர் தனியாக மடிக்க முடியுமா? முடியாது. இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர் வேண்டும். அவள் விரிப்பை எடுத்தால் அண்ணன் விசில் அடிப்பார். எதிரே நிற்பவர் முனையை விட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். விரிப்பு தரையில் விழும், மறுபடி வெளுக்கப் போகும். வேலை தெரியாதவள் என்ற பட்டம் அவளுக்கு. என்ன நகைச்சுவை! என்ன நயம்!

அண்ணன் ஒருவரால் மட்டும் இது ஆகுமா? ஆகாது. ஆகவே, நகர்ந்தவர்களுக்கு நன்றி. சிரித்தவர்களுக்கு நன்றி. சிரிக்காமல் மின்விசிறியை ஆராய்ந்த நல்லவர்களுக்குக் கூடுதல் நன்றி. நான் முறையிட்டபோது, "விளையாட்டுக்குத்தானேம்மா பண்றாங்க, பெருசு பண்ணாத" என்று பெருந்தன்மை காட்டிய மேலாளர் ஐயாவுக்குத் தனி நன்றி. யாரங்கே, இறங்கச் சொல்வது? முடித்துவிட்டு இறங்குகிறேன் அண்ணே.

இன்று காலை அந்தத் தங்கை கை கழுவும் இடத்தில் என்னிடம் சொன்னாள்: "அக்கா, நாளையிலேர்ந்து நான் வரல. என் சம்பளத்துலதான் வீடு ஓடுது. அங்க என்ன சொல்றதுன்னு தெரியல."

அவள் ஏன் போகிறாள், தோழர்களே? அவளுக்கு வேலை தெரியாமலா? உடம்பு வணங்காமலா? எதிரே ஒரு ஆள் இல்லாமல்! நாளை காலை மறுமுனையைப் பிடிக்கப்போவது யார்? மேசையைத் தட்டிக் கேட்கிறேன், யார்?

சரி, நானே...

பொறுங்கள். பின்வரிசையில் ஒரு அக்கா எழுந்திருக்கிறார். நேற்று விசில் சத்தத்துக்கு முனையை விட்டவரே அவர்தான். சொல்லுங்க அக்கா.

"நான்தான் விட்டேன். நாளைக்கு நானே புடிக்கிறேன். அவள வரச் சொல்லு."

மேஸ்திரி அண்ணே, சிரிக்கவில்லையா? உங்கள் பக்கத்தில் ஒருவருமே சிரிக்கவில்லை, பாருங்கள்.

அக்கா, இதுவரை நான் சொன்ன நன்றிகளை யாரும் உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்குச் சொல்வது மட்டும் உண்மை. நன்றி. வணக்கம்.